சைக்கிள் எண்ணெய்

துவக்கு எண்ட சொல்லைக் கேட்டாலே எங்கட வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஒன்ராறியோவில் மாமாவோடு களித்தட்டுச் சுடப் போவதை அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை.

மாமாவின் துவக்கு 12 கேஜ், அரைத் தானியங்கி, வாயுவில் இயங்குவது. வெடிக்கும்போது வரும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டனைத் தள்ள, வெறுங்கோது வெளியே பறக்கும். அடுத்த தோட்டா உள்ளே ஏறும். தோளில் உதை குறைவு. ஒரே நாளில் நூறு தட்டுச் சுட இதுதான் சுகம். ஆனால் கரி படியும். பெனெல்லி போல சடத்துவத்தில் இயங்குகிறவற்றில் கரி குறைவு, உதை கூட. எதை வாங்கினாலும் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு தோளில் வைத்துப் பார்க்க வேணும் என்பார் மாமா.

போன கார்த்திகையில் வாத்து வேட்டைக்குப் போனோம். வாத்துக்கு ஈயக் குண்டு கனடாவில் 1999இலிருந்து தடை, அதனால் உருக்குக் குண்டு. முதல்நாள் துவக்கைத் துடைத்தது நான். ஊரில் சைக்கிள் செயினுக்கு விடுற மாதிரி எண்ணெயை ஊத்தினேன். விடியக்காலைக் குளிரில் அது பசையாகி, முதல் வெடியோடு போல்ட் பாதியில் நின்றது. வாத்துக்கூட்டம் தலைக்கு மேலால் போனது.

மாமா ஏசேல்லை. குழலை நிலத்தைப் பார்க்கப் பிடித்து, தோட்டாக்களைக் கழற்றினார்.

"பிஸ்டனைக் கரி போகத் துடை. எண்ணெய் ஒரு சொட்டுக் காணும், அதையும் துணியில விட்டுப் பூசு."

அன்றிரவு வீடியோவில் அம்மா கேட்டா, கையில என்ன கறுப்பு எண்டு.

"சைக்கிள் செயின்."

"இந்தக் குளிருக்குள்ள சைக்கிளோ?"