திமில் மாசீருக்காக ஓர் இரவு

பெங்களூருக்குக் கடற்கரை கிடையாது. தூண்டில் பைத்தியம் மட்டும் ஏராளம். 1980களிலும் 90களிலும் சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்த கையோடு கனகபுரா சாலையில் ஜீப்புகள் தெற்கே கிளம்பும். கூரையில் துணி சுற்றிக் கட்டிய கழிகள், பின்னிருக்கையில் ஒரு மூட்டை ராகி மாவு. மாவு மனிதர்களுக்கல்ல. சுமார் 100 கி.மீ. தாண்டி, காவிரியின் மடுக்களில் கிடக்கும் மாசீருக்கு.

கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் மாசீர். ஆனால் குழம்புச் சட்டியில் அடங்குகிற கெண்டை அல்ல. பெரிய மீனின் செதில் உள்ளங்கையை மறைக்கும். வாயில் பல் இல்லை; தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நண்டையும் நத்தையையும் நொறுக்கிவிடும். தென் கன்னட மாவட்டத்தில் கலெக்டராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873லேயே இந்தியத் தூண்டில் கலை பற்றிப் புத்தகம் எழுதி இதன் புகழைப் பரப்பினார். மைசூரில் புலித்தோல் பாடம் செய்துவந்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946இல் கபினியில் பிடித்த மாசீரின் எடை 120 பவுண்டு. கிலோவில் 54. 

அல்சூரில் வசிக்கும் அந்த முன்னாள் ஃபிட்டருக்கு இந்தச் சரித்திரமெல்லாம் மனப்பாடம். இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பொதுத்துறை ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். 1972இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. அதில் உறுப்பினராக இருந்த பொறியாளர் ஒருவர் இவரை விருந்தாளியாக அழைத்துப் போவார். அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸின் பீமேஸ்வரி, காலிபோரே முகாம்களில் வெள்ளைக்காரர்கள் டாலர் கொடுத்துக் கூடாரத்தில் தூங்குவார்கள். இவருக்கு மணல்தான் மெத்தை. மீனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதில் அவருக்கு இன்றும் ஒரு திருப்தி.

அவர் அடிக்கடி சொல்வது 90களின் நடுவில் ஒரு பிப்ரவரி இரவைப் பற்றி. ஆறு வற்றி, பாறைகள் முதுகு காட்டும் மாதம். பொழுது சாயும் முன்பே ராகி மாவைப் பிசைந்து வேகவைத்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, முள் வெளியே தெரியாமல் பொதிந்தாயிற்று. பரிசல்காரர் ஒகேனக்கல் பக்கத்துத் தமிழர். ஒரு காலத்தில் தோட்டா வீசி மீன் பிடித்தவர். முகாம் வந்த பிறகு அதே தோட்டாக்காரர்களைத் துரத்தும் காவலர். எந்த மடுவில் எது கிடக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். திருடனைக் காவலுக்கு வைப்பதில் இந்த ஒரு லாபம் உண்டு.

ஈயக் குண்டு பாய்ச்சலின் விளிம்பில் விழுந்தது. பிறகு காத்திருப்பு. நரம்பை விரலில் சுற்றாமல் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். சின்ன மீன்கள் உருண்டையைக் கொத்துவது துடிப்பாக விரலுக்கு வரும். எதிர்க்கரையில் மூங்கில் முறியும் சத்தம்: யானைகள். முதலையும் உள்ள ஆறு என்பதால் யாரும் தண்ணீருக்குள் காலை நீட்டுவதில்லை. பேச்சும் இல்லை, பீடி மட்டும்.

ஒன்பது மணி வாக்கில் துடிப்புகள் சட்டென்று நின்றுபோயின. பெரியது வந்தால் சின்னது விலகிக்கொள்ளும். அடுத்த கணம் கழி வளைந்தது, ரீல் அலறியது.

‘‘இழுக்காதீங்க அண்ணே, ஓட விடுங்க!’’

நூறு மீட்டருக்கு மேல் நரம்பு போயிற்று. பிறகு அசைவில்லை. பாறை இடுக்கில் புகுந்து நரம்பை அறுத்துவிடுவது மாசீரின் பழைய தந்திரம். இருவரும் பரிசலில் ஏறி, இருட்டில் நரம்பைத் தடவிக்கொண்டே பாறையைச் சுற்றிப் போய் எதிர்ப்பக்கத்திலிருந்து தளர்த்தினார்கள். மீன் மறுபடி ஓடியது. முக்கால் மணி நேரம் கழித்து டார்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டில் சாய்ந்தபோதுதான் நிறம் தெரிந்தது. ஆரஞ்சுத் துடுப்புகள், தலைக்குப் பின்னால் காளைக்கு இருப்பதுபோல் ஒரு திமில். உதட்டில் கயிறு கோத்து ஆழத்தில் விட்டு, விடிந்ததும் துணித் தொட்டிலில் எடை போட்டார்கள். 22 கிலோ. விட்டபோது அது உடனே போகவில்லை. கைகளுக்கிடையே சற்று நேரம் நின்று மூச்சு வாங்கியது என்கிறார்.

ஒரு பள்ளிக்கூட நோட்டில் அவர் எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார். தேதி, மடு, எடை. கடைசிப் பத்தியில் வால் நிறம்: ஆ அல்லது நீ. ஆரஞ்சு, நீலம். ஆரம்பப் பக்கங்களில் ஆ நிறைய. போகப் போக நீ. மொத்த மீன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதால் யாரும் கவலைப்படவில்லை. ஆறு செழிக்கிறது என்றே எல்லோரும் பேசினார்கள்.

நீலம் வந்தது லோனாவாலாவிலிருந்து. அங்கே டாடா மின் நிறுவனத்தின் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மாசீர்க் குஞ்சுகளைக் கர்நாடக மீன்வளத் துறை 1970களிலிருந்து காவிரியில் விட்டது. நல்ல எண்ணம்தான். குறையும் மீனைப் பெருக்குகிறோம் என்று நினைத்தார்கள். ஆனால் இந்த ஆற்றுக்கே உரிய மீன் வேறு என்பது உறைக்கவில்லை. காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் குறித்துவைத்த கணக்கைப் பின்னால் ஆய்வாளர்கள் அலசினார்கள். 23,000 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, பிடித்துவிட்ட மாசீர்கள் சுமார் 6,000. நீலத்துடுப்பு பெருகியிருந்தது. திமில் மாசீர் அரிதாகிவிட்டது. கிடைத்த சிலவும் கிழடுகள். குட்டிகளே இல்லை. 2015இல் வெளியான முடிவு இது.

அதுவரை திமில் மாசீருக்கு அறிவியல் பெயர்கூட உறுதிப்படவில்லை! உலகமே போட்டோ எடுத்துக்கொண்ட மீனுக்கு இந்தக் கதி. 2018இல்தான், அமராவதியில் கலக்கும் பாம்பாற்றுக் குட்டிகளுக்கு முன்பே சூட்டியிருந்த ‘டோர் ரெமதேவி’ என்ற பெயர் இதற்கும் பொருந்துகிறது என்று நிறுவினார்கள். விலங்கியல் ஆய்வாளர் ரெமா தேவியைக் கௌரவித்து வைத்த பெயர். அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற சர்வதேசச் சிவப்புப் பட்டியலிலும் அது ஏறியது. மோயாற்றில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

இதற்கிடையே தூண்டில்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1987இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்ற சட்ட விளக்கத்தால் முகாம்களில் மீன்பிடிப்பு நின்றது. சட்டத்தைக் குறைசொல்ல முடியாது. மானைச் சுட்டுவிட்டு, கட்டுப்போட்டு அனுப்பினேன் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆனால் விளையாட்டுக்காக மீனை வதைத்த அந்த ஆட்களைத் தவிர, அங்கே தினமும் மீனை எண்ணிக்கொண்டிருந்தவர் வேறு எவரும் இல்லை. கூலிக்குக் காவல் காத்த பரிசல்காரர்களும் கலைந்தார்கள்.

ஃபிட்டரின் நோட்டில் கடைசி ‘ஆ’ 2006 ஜனவரி. அதற்குப் பிறகு ஐந்து வருடம், எல்லாம் ‘நீ’. கழிகளை மகன் பரணில் ஏற்றிவிட்டான். பழைய பரிசல்காரர் இப்போது ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றுகிறார். பொங்கலுக்குப் பொங்கல் போன் பேசிக்கொள்வார்கள். போன முறையும் இவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: அந்த மடுவில் ஆரஞ்சு வால் ஏதாவது தென்பட்டதா?

‘‘தூண்டி போட்டாத்தானே அண்ணே தெரியும்? மேல இருந்து பாத்தா தண்ணிதான்.’’