யாரும் விழாத ஜூடோ

ஜூடோவில் நான் ஊன்றிக் கற்றது யாருமே கீழே விழாத ஒரு பயிற்சி. ஜூ நோ கட்டா என்று பெயர்; கட்டா என்றால் முன்பே வகுத்த வரிசையில் இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சி. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கெய்கோ ஃபுகுடாவின் மாணவி. ஃபுகுடா சென்செய் 2013 பிப்ரவரியில், 99 வயதில் அந்த நகரில்தான் காலமானார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் பேச்சு வராத வகுப்பு இல்லை.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1887இல் வகுத்த முறை இது. மொத்தம் 15 நுட்பங்கள். தாக்குபவர் உக்கே, அதை ஏற்று மடக்குபவர் தோரி. முதல் நுட்பத்தில் உக்கே வலக்கையை மெல்ல உயர்த்திக்கொண்டே முன்னே வருவார். விரல்நுனி புருவ மத்தியை நெருங்கும்போதுதான் தோரி திரும்ப வேண்டும். அவசரப்பட்டால் உக்கேயின் எடை அவர் பாதத்திலேயே நிற்கும். என்ன இழுத்தாலும் அசையமாட்டார். என் ஆசிரியை மணிக்கட்டைப் பிடித்தால் பிடித்ததே தெரியாது. கை போன போக்கிலேயே போகும். குதிகால் தரையை விட்ட பிறகுதான் நிலை போய்விட்டது எனக்கு உறைக்கும். வேகமாக மோதும்போது பலம் மூடிமறைக்கிற குறைகளெல்லாம் இந்த நிதானத்தில் வெளியே வந்துவிடும்.

ஃபுகுடாவின் தாத்தா ஹாச்சினோசுகே, கானோவுக்கே ஜுஜுட்சு கற்பித்தவர். அந்த உறவை மறக்காத கானோ பேத்தியை அழைக்க, அவர் 1935இல் கானோவின் ஜூடோ பள்ளியான கோடோகானில் சேர்ந்தார். ஐந்தடிகூட இல்லாத உயரம். கல்யாணமானால் ஜூடோவை விட வேண்டிவரும் என்று தெரிந்ததும் கல்யாணமே வேண்டாம் என்றுவிட்டார். போட்டிக் களம் பெண்களுக்கு மூடியிருந்த காலம் அது; அவர்களுக்கென்று விட்டுவைத்தது பெரும்பாலும் கட்டாதான். அதை அவர் கரைகண்டார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூ நோ கட்டாவைச் செய்து காட்டினார். 1966இல் அமெரிக்கா வந்து மில்ஸ் கல்லூரியில் கற்பித்தார்.

இப்படிப்பட்டவரை 1953 முதல் 1972 வரை 5-ஆம் டான் என்ற தரநிலையிலேயே நிறுத்திவைத்தார்கள். பெண்ணுக்கு அதற்கு மேல் கிடையாதாம். அவருக்காகப் பலர் மன்றாடிய பிறகே 6-ஆம் டான் வந்தது. 2006இல் கோடோகான் 9-ஆம் டான் தந்தது. 10-ஆம் டானை 2011இல் தந்தது அமெரிக்க ஜூடோ அமைப்பு. அப்போது அவருக்கு வயது 98. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது. பலத்தைக் காரணம் காட்டவும் வழியில்லையே! கட்டாவில் ஆணும் பெண்ணும் செய்வது ஒன்றைத்தானே?

எனக்குப் பிடித்தது நான்காவது நுட்பம். உக்கே பின்னால் நின்று தோளைத் திருப்புவார். தோரி அந்தத் திருப்பத்தோடே சுழன்று, அவர் கைக்கடியில் புகுந்து, முதுகில் ஏற்றிவிடுவார். எறிவதில்லை, மேலேயே சற்று நிறுத்தி, பிறகு பதமாக இறக்குவார். முதுகில் இருப்பவருக்கும் வேலை உண்டு. கால்களைச் சேர்த்து உடம்பை விறைப்பாக நீட்ட வேண்டும். இடுப்பு துவண்டால் பாரமெல்லாம் கீழே இருப்பவரின் முழங்காலில் இறங்கும். என் ஜோடி என்னைவிட நல்ல கனம். சரியான இடத்தில் இடுப்பு சேர்ந்துவிட்டால் அவர் எழும்பிவிடுகிறார். இப்போது நாங்கள் இருவரும் பழகுவது இறக்குவதைத்தான், பாதம் தரையில் படும் சத்தம் கேட்காதபடி.