குரல் பார்த்து மெட்டு

சங்கரதாஸ் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை மதுரைப் பக்கத்து நாடகக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். நான்கு மணி நேரம் நடக்கக்கூடிய நாடகம். பாட்டும் வசனமுமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், விடிவதற்குள் எழுதிவிட்டார் என்று அவ்வை டி.கே.சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' நூலில் பதிவு செய்திருக்கிறார். கேட்பவர்கள் எல்லோரும் வியப்பது அந்த வேகத்தை. என் மனம் வேறோர் இடத்தில் போய் நிற்கும். அபிமன்யுவாக மேடையேற வேண்டியவர் அந்தச் சண்முகமேதான். அப்போது பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளை. அந்தப் பிள்ளையின் வாயில் எந்தச் சொல் சுத்தமாக விழும், எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எவ்வளவு உயரம் குரல் போகும் என்பதெல்லாம் அன்றாடம் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு அத்துப்படி. அந்தக் குரல் காதிலேயே இருந்ததால்தான் ஓர் இரவு போதுமானதாக இருந்தது என்று நான் நம்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகும் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இப்போதெல்லாம் மெட்டுப் போடும் ஆசையோடு இளைஞர்களும் வருகிறார்கள். "டீச்சர், உங்களுக்கு மெட்டு எப்படி வருது?" என்பதுதான் முதல் கேள்வி. "யார் பாடப் போறாங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பலருக்கும் அதற்குப் பதில் இருக்காது. பாட்டு முடிந்த பிறகு பாடுகிறவரைத் தேடிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது பிடிபடவே இல்லை. குரல் இல்லாமல் எனக்கு மெட்டு வருவதில்லை.

சுவாமிகளின் காலத்துக்கே இன்னும் கொஞ்சம் போகலாம். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற, சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனி, சுவாமிகளை வாத்தியாராகக் கொண்டு தொடங்கியது. சண்முகமும் அவருடைய அண்ணன்மாரும் அதில்தான் சேர்ந்தார்கள். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாட்டின் சொல் போய்ச் சேர வேண்டும். வெண்பா, விருத்தம், கும்மி, சிந்து, தர்க்கப் பாட்டு என்று எல்லாவற்றையும் அந்தப் பிஞ்சுத் தொண்டைகள் தாங்க வேண்டும். பெரும்பாலும் வாய்ப்பாடம்தான். வாத்தியார் ஓர் அடி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல, அது மனத்தில் ஊறும்வரை அடுத்த அடி கிடையாது. எழுதுகிறவரும் மெட்டு அமைக்கிறவரும் சொல்லிக்கொடுக்கிறவரும் ஒரே ஆள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாடத்தில் பிள்ளை தடுமாறினால், அந்த அடியை எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். கடைசிக் காலத்தில் பக்கவாதம் சுவாமிகளை முடக்கிப்போட்டது. 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். இன்றும் 'வள்ளி திருமணம்' நடக்கும் ஊர்களில் நடிகர்கள் அவரை வணங்காமல் மேடையேறுவதில்லை.

அந்தப் பாய்ஸ் கம்பெனிகளில் எல்லோரையும் நடுங்க வைத்த ஒன்று இருந்தது: மகரக்கட்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பையன்களுக்குக் குரல் உடையும் பருவம். நேற்றுவரை கணீரென்று பாடியவன் இன்று வாயைத் திறந்தால் ஒரு சுரம் மேலே, ஒரு சுரம் கீழே. குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன; புதிய கருவியை இயக்க அந்த உடம்பு இன்னும் பழகவில்லை. நோயும் இல்லை, குறையும் இல்லை. ஆனால் ராஜபார்ட் போட்டுக் கைத்தட்டல் வாங்கிய பிள்ளை ஒரே பருவத்தில் பாட்டில்லாத சின்ன வேஷத்துக்குப் போக வேண்டியதாகிவிடும். எத்தனையோ பேர் அதோடு ஊருக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

என் வழக்கத்தையும் சொல்கிறேன். பாரதி பாடலோ, நானே எழுதியதோ, முதலில் அதைப் பேச்சாகச் சொல்லிப் பார்ப்பேன். அடுக்களையில், மாடிப்படியில், கோயில் பிரகாரத்தில் நடந்துகொண்டே சொல்வேன். ஆர்மோனியத்தின் பக்கமே போகமாட்டேன். பெட்டியைத் தொட்டதும் விரல் தனக்குப் பழகிய இடத்துக்கு ஓடும், சொல்லை மறந்துவிடும். சொல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காதுக்குத் தெரிந்த பிறகு 'தன்னானா' போட்டு முனகுவேன். தமிழில் ஒரு நெருக்கடி உண்டு. குறிலில் கார்வை கொடுத்துவிட்டால் சொல்லே மாறிப்போகும். 'மலை' என்று எழுதியதைப் பிள்ளை 'மாலை' என்று பாடிக்கொண்டிருக்கும்; கேட்பவர்கள் பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் நீட்டம் எல்லாம் நெடிலில் விழும்படி மெட்டை நகர்த்துவேன். மேல் சுரத்தில் எந்த உயிரெழுத்து வருகிறது என்பதையும் பார்ப்பேன். ஆகாரம் வந்தால் வாய் தானாகத் திறக்கும். ஈகாரம் வந்தால் சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டை இறுகி, குரல் பிசிறடிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் மெட்டு பாதிதான் ஆகியிருக்கும். மீதியைப் பிள்ளைகள்தான் முடித்துத் தர வேண்டும். ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மறுநாள் திருப்பிக் கேட்பேன். ஒருத்தி ஓரிடத்தில் மாற்றிப் பாடினால் அவளைத் திருத்துவேன். நாலைந்து பேர் அதே இடத்தில் அதே மாதிரி மாற்றியிருந்தால் மெட்டைத் திருத்திவிடுவேன். பேசி வைத்துக்கொண்டா வந்தார்கள்? சொல்லின் ஓட்டம் அவர்களை அங்கே இழுத்திருக்கிறது. என் பழைய நோட்டில் பென்சிலால் எழுதிய சுரங்களின் மேல் இப்படிப் பிள்ளைகள் போட்ட சுரங்கள் ஏராளம். பாட்டு நன்றாக இருக்கிறது என்று யாராவது பாராட்டும்போது, அவர்கள் விரல் வைக்கும் இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

சினிமாவில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பார்கள். நேரம் கொடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். எஸ்.பி.பாலசுப்ரமணியம் எம்.எஸ்.விஸ்வநாதனிடம் முதன்முதலில் பாடிக்காட்டியபோது, குரல் அவருக்குப் பிடித்திருந்தது. தமிழ் உச்சரிப்பு போதவில்லை. நன்றாகத் தமிழ் பழகிவிட்டு வரச் சொன்னார். வேண்டாம் என்று ஒதுக்கவும் இல்லை, பரவாயில்லை என்று விட்டுவிடவும் இல்லை. பிறகு 'சாந்தி நிலையம்' படத்தில் பாட வைத்தார். அதே 1969இல் 'அடிமைப் பெண்' படத்துக்கு கே.வி.மகாதேவன் இசை. பி.சுசீலாவோடு பாட வேண்டிய அந்த இளைஞருக்கு டைஃபாய்டு வந்துவிட்டது. எம்.ஜி.ஆர். வேறு ஆளைத் தேடவில்லை. உடம்பு தேறிவரும்வரை காத்திருந்தார். பாலசுப்ரமணியம் இதை மேடைதோறும் நன்றியோடு சொல்லிவந்தார்.

பத்தாண்டு கழித்து 'சங்கராபரணம்'. முறையாகக் கர்நாடக சங்கீதம் படிக்காத பாலசுப்ரமணியத்தின் தலையில் ஒரு பெரிய வித்வானின் பாட்டுகள். மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி ஒவ்வொரு வரியாக, ஒவ்வொரு சங்கதியாகச் சொல்லிக்கொடுத்தார். 1979ஆம் ஆண்டுக்கான தேசிய விருது மகாதேவனுக்கும் கிடைத்தது, பாலசுப்ரமணியத்துக்கும் கிடைத்தது, அதே படத்தில் பாடிய வாணி ஜெயராமுக்கும் கிடைத்தது. பாட்டுச் சொல்லிக்கொடுத்த புகழேந்தியின் பெயரை நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விட்டதில்லை. பாலசுப்ரமணியமும் தம்மை 1966இல் சினிமாவுக்குக் கொண்டுவந்த எஸ்.பி.கோதண்டபாணியின் பெயரைத்தான் தம் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வைத்தார்.

இப்போது தொலைக்காட்சிப் போட்டிகளில் எட்டு வயதுப் பிள்ளைகள் பாடுவதைப் பார்க்கிறேன். திறமையைப் பார்த்தால் கண் கலங்குகிறது, பாட்டைப் பார்த்தால் கவலை வருகிறது. பெரியவர்களின் பாட்டு, பெரியவர்களின் ஏக்கம், மூலப் பாடகர் மூச்சு வாங்கிய இடத்தில்கூட அதே மூச்சு. கைத்தட்டலுக்காகச் சுருதியை ஏற்றி வைக்கிறார்கள். மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. பெற்றோரிடம் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறேன்: பிள்ளை சிரமமில்லாமல் பேசுகிற உயரம் எதுவோ, பாட்டு அதைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். ஒலிப்பதிவிலும் இப்போது வரி வரியாக வெட்டி ஒட்டிக்கொள்கிறார்கள். சுருதி விலகினால் கம்ப்யூட்டர் இழுத்து நிறுத்திவிடுகிறது. முழுப் பாட்டையும் மூச்சைப் பங்கிட்டுப் பாடும் பழக்கம் இளம் வயதில் வரவில்லை என்றால் பிறகு வருவது கடினம்.

மகரக்கட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு மோகனத்தில் ஒரு மழைப்பாட்டு போட்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் குரலை மனத்தில் வைத்தே அமைத்த மெட்டு. ஐந்து கட்டைச் சுருதியில் மேல் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு அனாயாசமாக இறங்கி வருவான். ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோதே குரல் உடைந்தது. முதலில் சளி என்று நினைத்துச் சுக்குக் காப்பி போட்டுக் குடித்தான். பிறகு புரிந்துகொண்டான். ஒரு நாள் மற்ற பிள்ளைகள் போன பிறகு வந்து, "டீச்சர், என்னை எடுத்துருங்க. நான் கர்ட்டன் இழுக்கறேன்" என்றான். தலை நிமிரவே இல்லை.

அவனை உட்கார வைத்து, "எது சொகமா வருதோ அதை மட்டும் பாடு கண்ணு, மேலே போகாதே" என்றேன். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையாக அழுத்தினேன். கீழ்ப் பஞ்சமம் வந்தது, தைவதம் வந்தது, ஸட்ஜம், ரிஷபம், காந்தாரம்வரை வந்தது. அதற்கு மேல் உடைந்தது. அந்த இடத்தில் நான் பெட்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மோகனத்துக்கு உள்ளதே ஐந்து சுரம்தான். அந்த ஐந்தும் அவனிடம் பத்திரமாக இருந்தன. மேல் பஞ்சமம் போகும் சரணத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். அவனுக்காகப் பல்லவிக்குக் கீழே இன்னொரு வரிசை அமைத்தேன்: மற்றவர்கள் மேலே பாடும்போது அடியில் மெதுவாக நடந்து வந்து, அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் வெளியே கேட்கும் வரிசை. அதுவரை அந்தப் பாட்டில் மழை மட்டும்தான் இருந்தது. அவன் பாடத் தொடங்கியதும் தூரத்து இடிமுழக்கமும் சேர்ந்துவிட்டது.

அந்தப் பாட்டை இன்றும் இரண்டு வரிசையாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். குரல் உடைகிற வயதுப் பையன்கள் கூடத்தின் கடைசியில் ஒதுங்கி உட்காராமல், கீழ் வரிசை தங்களுக்கு வேண்டும் என்று முன்னால் வந்து கேட்கிறார்கள். போன வருஷத்திலிருந்து கனத்த குரலுள்ள இரண்டு பெண்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு ஐந்து கட்டை சரியாக வருகிறதா, அரைக் கட்டை இறக்கலாமா என்று இந்த வாரம்தான் பார்க்க வேண்டும்.