வல்லாள மகாராஜனின் ராஜதானி

திருவண்ணாமலைக்கு வரும் யாத்ரிகர்கள், பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து அதிசயித்துவிட்டு, உள்ளே நுழைந்ததும் வலப்புறத்து ஆயிரக்கால் மண்டபத்தையும் இடப்புறத்துச் சிவகங்கைத் தீர்த்தத்தையும் போகிற போக்கில் பார்த்துக்கொண்டு, நடை சாத்துவதற்குள் சந்நிதியை அடைய வேண்டுமே என்ற பரபரப்பில், அடுத்தாற்போல் நிற்கும் வல்லாள கோபுரத்தைக் கவனியாமலே கடந்து போவதுதான் வழக்கம். மண்டபமும் தீர்த்தமும் கிருஷ்ணதேவராயரின் திருப்பணி. ராஜகோபுரமும் அவர் தொடங்கித் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் பூர்த்தி செய்தது. கம்பீரத்தில் அவற்றுக்கு ஈடில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஊர் ஒரு காலத்தில் ராஜதானியாக விளங்கியது என்பதை நினைவூட்டுவது அந்தச் சிறிய கோபுரந்தான்.

1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்புக்கு ஆளாகி, பின்னர் துக்ளக் சைனியத்தால் துவாரசமுத்திரம் பாழ்பட்ட பிறகு, ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் தன் அரசிருக்கையை அண்ணாமலையின் அடிவாரத்துக்கு மாற்றிக்கொண்டான். மைசூர்ப் பீடபூமியிலிருந்து செங்கம் கணவாய் வழியாக இறங்கும் பாதை இவ்வூரைத் தொட்டே சமவெளிக்குச் செல்வதால், வடக்கே தில்லியையும் தெற்கே புதிதாகத் தலையெடுத்த மதுரைச் சுல்தான்களையும் ஒருசேர எதிர்நோக்க வேண்டியிருந்த அரசனுக்கு இதைவிடத் தகுந்த இடம் வேறு கிடைத்திருக்காது. (அதே பாதைதான் பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் இக்கோயிலையே கோட்டையாக்கி, பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் திப்புவும் மாறிமாறிப் பிடிக்கும்படி செய்தது.)

வல்லாளனுடைய முடிவு பரிதாபகரமானது. மதுரைச் சுல்தானிடம் அகப்பட்டுக் கொல்லப்பட்ட அந்த முதிய அரசனின் தோலில் வைக்கோலைத் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தாமே கண்டதாக, அக்காலத்தில் அங்கு வந்திருந்த இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார்.

அவன் அரண்மனை இருந்த இடம் இதுவென்று காட்ட இன்று ஒரு சுவர்கூட நம் கண்ணில் படுவதில்லை. ஆயினும் ஊரார் அவனை மறக்கவில்லை. புத்திரபாக்கியம் இல்லாத வல்லாளனுக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வந்து, அவனுக்கு உத்தரகிரியை செய்வதாக வாக்களித்தார் என்று தலபுராணம் கூறுகிறது. அதன்படி, தைப்பூசத்தன்று ஈசானியத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் சுவாமி, மன்னன் மாண்ட செய்தி கேட்டு மேளதாளமின்றிக் கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்குச் சென்று, மகன் ஸ்தானத்தில் நின்று அவனுக்குத் திதி கொடுக்கிறார். புராணத்தைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் போரில் மடிந்த ஓர் அரசனுக்காக ஊரே ஆண்டுதோறும் துக்கம் காக்கும் இந்தச் சம்பிரதாயம், எந்தக் கல்வெட்டுக்கும் குறைந்த சாசனமாக எனக்குத் தோன்றவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு மட்டும் இங்கே வருகிறவர்கள், ஒருமுறையாவது மாசி மகத்தன்று வந்து, வல்லாள கோபுரத்தின் கீழ் சற்று நின்றுவிட்டு, சுவாமியின் பின்னே பள்ளிகொண்டாப்பட்டு வரை போய்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.