சீம்பாலும் சேனையும்

பொம்மனஹள்ளியில் மாடு வைத்திருப்போர் இன்று அருகிவிட்டனர். ஆயினும் ஈன்ற பசுவின் சீம்பால் எங்கேனும் கிடைத்துவிட்டால் அண்டை வீட்டார்க்கெல்லாம் கொண்டாட்டந்தான். கன்னடத்தார் அதனைக் 'கிண்ணு' என்பர். வெல்லமும் ஏலமும் இட்டு அவித்தால் கட்டிபட்டு வரும். நாமும் அச்சுவைக்கு அடிமையே.

கன்றுக்குரிய பாலை இத்துணை விரும்பும் நம்மவர், பெற்ற தாயின் சீம்பாலை மட்டும் கெட்ட பால் என்று பீய்ச்சி எறிந்து வந்தனரே, இதனை என்னென்பது! அதன் மஞ்சள் நிறமும் பிசுபிசுப்பும் ஐயத்தை விளைத்தன போலும். அதற்கு ஈடாக, நற்குணம் வாய்ந்த பெரியவர் ஒருவரைக் கொண்டு சீனித் தண்ணீரோ தேனோ நாவில் தொட்டுச் 'சேனை' வைத்தனர். அவர் குணம் பிள்ளைக்கு வருமாம். குணம் வருகிறதோ இல்லையோ, விரலின் அழுக்கு வரும். தேனோ ஓராண்டு நிரம்பாத குழவிக்கு ஆகவே ஆகாது.

சீம்பால் முதல் மூன்று நான்கு நாட்களே ஊறும். அளவும் மிகக் குறைவு. "பால் போதவில்லை" என்று பாட்டிமார் பதறுவது இந்நாட்களில்தான். பச்சிளங் குழவியின் சிறு வயிற்றுக்கு அச்சில கரண்டியே போதும். அதிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள்கள் குடலின் உட்சுவரில் படிந்து காவல் நிற்கின்றன. கருநிற முதல் மலமும் எளிதில் கழிகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் இடுக, ஆறு திங்கள் வரை தண்ணீரும் வேண்டா என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழவி சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். இடையில் புட்டியைப் புகுத்தினால் சப்புவது குறையும், பால் வற்றும். பின்னர், "அன்றே சொன்னோமே!" என்பர்.

ஆறு திங்கள் என்றதும் நமக்கு விடுப்பு விண்ணப்பங்களே நினைவுக்கு வருகின்றன. மத்திய அரசின் பெண் ஊழியர்க்கு மகப்பேற்று விடுப்பு 2008இல் 180 நாளாயிற்று. தொழிற்சாலைப் பெண்டிர்க்கு, முதலிரு பிள்ளைகளுக்கு, 2017இல் 26 வாரமாயிற்று. கணக்கு ஒத்துவருவதாகவே தோன்றும். ஆனால் நம் வட்டாரத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நாளெல்லாம் தையல் எந்திரத்தின் முன் அமரும் பெண், நிறைமாதத்தில் எட்டு வாரத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டால், பிள்ளைக்கு எஞ்சுவது பதினெட்டு வாரமே. குறைபடும் அவ்வாரங்களில் அவள் பாலைத் தூய கிண்ணத்தில் பீய்ச்சி மூடிவைத்துச் செல்லலாம். வெளியிலேயே நான்கு மணி நேரம் கெடாது. பாலாடையால் புகட்டும் கைப்பக்குவம் பாட்டிமாருக்கு நன்கு தெரியும்.