மாடிப்படிக்கு அடியில் ஒரு பேட்டரி

நேற்று இன்வெர்ட்டர் பேட்டரியை எட்டிப் பார்த்தேன். ஆறு மிதவைகளில் இரண்டு சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தன. மனசு பதறிவிட்டது. நாலு மாசமாக அந்தப் பக்கமே போகவில்லை.

டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். போர்த் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் ஆகாது. அதிலுள்ள உப்பும் இரும்பும் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளைக் கெடுத்துவிடும். ஆசிட்டும் சேர்க்கக் கூடாது. குறைவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கும். சார்ஜ் முழுசாக ஏறிய பிறகு, பச்சைக் கோடு வரை ஊற்றினேன். அதைத் தாண்டினால் பொங்கி வழியும்.

பாசிட்டிவ் முனையில் நீலப்பச்சைப் பொடி பூத்திருந்தது. இன்வெர்ட்டரை அணைத்து, மோதிரத்தைக் கழற்றி வைத்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தேன். புசுபுசுவென்று நுரைத்து அடங்கியது. காய்ந்ததும் வாஸ்லின் தடவினேன். மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று மட்டும் முதலில் பாருங்கள், சோடா உள்ளே போகக் கூடாது.

எனக்குப் பெரிய கவலை வேறு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும், ஒரு பொறி போதும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக் கரண்டியோடு அம்மா வீடு முழுக்கச் சுற்றி வருவார். "படிக்கட்டுக்கு அடியில மட்டும் காட்டாதீங்கம்மா" என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அங்கே அடுக்கியிருந்த பழைய பேப்பர் கட்டுகளை அன்றைக்கே அவரே எடுத்துப் போட்டுவிட்டார்.