மூன்று விகாரங்களும் ஒரு ஜீப்பும்

இரு சொற்கள் புணரும்போது நேரும் விகாரங்கள் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்று நன்னூல் வகுக்கும். பூ, கொடி என்பவை கூடிப் பூங்கொடி ஆகும்போது ஓர் எழுத்துத் தோன்றுகிறது. பொன், குடம் என்பவை கூடிப் பொற்குடம் ஆகும்போது ஓர் எழுத்துத் திரிகிறது. மரம், வேர் என்பவை கூடி மரவேர் ஆகும்போது ஓர் எழுத்துக் கெடுகிறது. இங்குக் கெடுதல் என்பது மறைதலேயன்றி அழிவன்று. ஏட்டில் கற்ற இவ்விலக்கணத்தை இரும்பில் வைத்து எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது.

குருவிகுளத்தில் நம் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு ஜீப் நிற்கிறது. 1968ஆம் ஆண்டு மகிந்திரா வண்டி. ஓர் அரசு அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து ஏலத்திற்கு வந்த அதனை நம் வாப்பா வாங்கினார்கள். கரிசல் மண்ணின் இயல்பை இவ்வட்டாரத்தார் நன்கறிவர். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அந்நிலம், ஐப்பசி மழை இறங்கியதும் களியாகிச் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். மாட்டு வண்டியும் நகர மறுக்கும் அந்நாட்களில், நான்கு சக்கரங்களையும் எஞ்சினே உந்தும் இவ்வண்டிதான் பருத்திப் பொதிகளையும் மிளகாய் மூட்டைகளையும் ஊர் சேர்த்தது. பேறுகால வேதனையில் துடித்த பெண்களை, எவ்வீட்டார் என்று பாராமல், நள்ளிரவில் சங்கரன்கோவிலுக்குச் சுமந்து சென்றதும் உண்டு.

நம் அக்காவின் மகன் மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கிறான். வாப்பாவின் மறைவுக்குப் பின் ஓடாமல் கிடந்த இந்த ஜீப்பை ‘ஹாட் ராட்’ ஆக்கித் தருவதாக அவன் கூறினான். மட்கார்டுகளை அறுத்தெறிந்து, உடலைத் தாழ்த்தி, அகன்ற டயர்களும் வலிய டீசல் எஞ்சினும் பூட்டுவது அவன் திட்டம். வாப்பாவின் வண்டியில் கை வைப்பதா என்று குடும்பத்துப் பெரியவர்கள் சிலர் சினந்தனர். இளையோர் அவன் பக்கம் நின்றனர். வீடு இரண்டுபட்டது.

ஹாட் ராட் என்பது அமெரிக்காவில் பிறந்த கலை. 1930களில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை ஓட்டி வேகம் பார்த்தனர். எடை குறைய மட்கார்டுகளைக் கழற்றினர். காற்றுத் தடை குறையக் கூரையைத் தாழ்த்தினர். 1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சினை எளியோர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்கலை பெருகி, 1948இல் இதற்கென்றே ஓர் இதழும், 1951இல் பந்தயங்களை ஒழுங்குபடுத்த ஒரு சங்கமும் தோன்றின. நம் நாட்டிலும் அரியானாவின் சிர்சா மாவட்டத்திலுள்ள மண்டி டப்வாலி, பழைய ஜீப்புகளை விரும்பிய வடிவில் திருத்தித் தரும் பட்டறைகளுக்குப் பெயர் பெற்றது. ஆகவே மருமகனின் ஆசை புதுமையன்று, பழிக்கத்தக்கதும் அன்று.

பழைய உருவம் மாறவே கூடாது என்று வாதிட்டோருக்கும் நாம் ஒன்று கூறினோம். ஜீப் என்பதே மாற்றங்களின் பிள்ளை. 1940இல் அமெரிக்கப் படை கேட்டதற்கிணங்க பாண்டம் என்னும் சிறு நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தது. வில்லிஸ் நிறுவனம் 60 குதிரைத்திறன் எஞ்சினைத் தந்தது. பட்டைகளை ஒட்டிச் செய்த முன்புறக் கம்பித் தடுப்புக்கு மாற்றாக, ஒரே தகட்டை அழுத்தி எளிதாகச் செய்யும் முறையை ஃபோர்டு நிறுவனம் கொண்டுவந்தது. சிக்கனத்திற்காக வந்த அதுவே பின்னர் ஜீப்பின் முகமாயிற்று. நம் வீட்டு வண்டியின் பானெட் உயர்ந்திருப்பதற்கும் காரணம் உண்டு. எஞ்சினின் தலைப்பகுதியில் வால்வுகளை ஏற்றி ஆற்றலைக் கூட்டியபோது எஞ்சின் உயரமாயிற்று. அதற்கு இடம் தர 1953இல் பானெட்டை உயர்த்தினர்.

வண்டியைச் செய்த நிறுவனத்தின் பெயரும் மாறியதே. 1945இல் அது மகிந்திரா அண்ட் முகம்மது என்றே தொடங்கப்பெற்றது. கூட்டாளியான குலாம் முகம்மது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனம் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. ஒரு பெயர் கெட்டு மற்றொன்று தோன்றினும், முதலெழுத்தாகிய இரண்டு மகரங்களும் அப்படியே நின்றன.

ஆயினும் இம்மாற்றங்கள் யாவும் தேவை பற்றி வந்தவை. நிலைமொழியும் வருமொழியும் ஒன்றற்கொன்று இடம் கொடுத்தாலன்றிப் புணர்ச்சி அமையாது. வலிய எஞ்சின் வருமொழியாக வந்தால், பிரேக், அச்சு, ஸ்டியரிங் ஆகிய நிலைமொழியும் அதற்கேற்பத் திரிந்தாக வேண்டும். ஜீப்பின் இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட நீளம் 80 அங்குலமே, உயரமும் மிகுதி. மேடு பள்ளத்தில் நிதானமாக ஏறி இறங்கப் பிறந்த உடல் அது. வேகம் இரட்டித்தால் அதனை நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். இதனை அறிவியல் கல்லாத நம் அக்கா ஒரே வினாவில் கேட்டுவிட்டார்கள்: “ஓடுவதற்கு எல்லாம் வைத்திருக்கிறாய், நிறுத்துவதற்கு என்ன வைத்திருக்கிறாய்?” மருமகன் விடை கூறவில்லை. மறுநாள் காகிதமும் அளவுகோலுமாக ஜீப்பின் அடியில் படுத்திருந்தான்.

சட்டமும் தன் இலக்கணத்தைக் கூறியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டம், ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. மருமகன் கனவு கண்ட வண்டி பட்டறைக்குள் நிற்கலாம், தெருவில் இறங்கலாகாது.

பெரியவர்கள் வேறொரு வழி காட்டினர். 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸும் உடலும் எஞ்சினும் பெரிதும் மாறாதிருக்கும் வண்டியைத் தொன்மை வண்டியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். ஆனால் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் செல்லலாமேயன்றி அன்றாட ஓட்டத்திற்கு அதனைப் பயன்படுத்தலாகாது. பெருமைக்குரிய பதிவுதான். எனினும் நம் மனம் அதில் ஒன்றவில்லை. ஒரு வழி ஜீப்பை வேடிக்கைப் பொருளாக்குகிறது; மற்றொரு வழி காட்சிப் பொருளாக்குகிறது. இரண்டிலும் அது உழைப்பை இழக்கிறது.

நாம் மூன்றாம் வழியைக் கூறினோம். வண்டியைப் பழுது நீக்கி, தகுதிச் சோதனைக்குக் காட்டி, பழைய பதிவையே புதுப்பித்து வேலைக்கு அனுப்புவதே அது. வாப்பா அதனை வாங்கியது பார்த்து மகிழ அன்று. ஒரு பொருளின் தொன்மை அதன் வண்ணத்தில் இல்லை. அது எதற்காக நின்றதோ அதற்காக இன்னும் நிற்பதில் இருக்கிறது. பெரியோர் சினம் தணிந்தனர். மருமகன் மட்டும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் துயரும் நியாயமானதே. தன் கையால் புதிதாக ஒன்றைப் படைக்க விழைந்தவனிடம், பிறர் படைத்ததைக் காத்துத் தருக என்று கேட்பது எளிய வேண்டுகோள் அன்று.

மாணவச் செல்வங்களே, குடும்பத்திலும் மொழியிலும் வழக்கத்திலும் நீங்கள் மாற்ற விரும்புவன பல இருக்கும். மாற்றாதீர் என்று நாம் கூறவில்லை. விகாரமும் புணர்ச்சியின் ஒரு வகையே. ஒன்றைக் களையுமுன் அது ஏன் அங்கு வைக்கப்பட்டது என்று கேளுங்கள்; ஒன்றைச் சேர்க்குமுன் அதனைத் தாங்க மற்றவை ஆயத்தமா என்று பாருங்கள். முதியோரும், மாற்ற விழையும் கையைத் தட்டிவிடாமல், அதற்கு ஏற்ற வேலையைக் கொடுக்கட்டும்.

மருமகன் இப்போது பழைய எஞ்சினைப் பிரித்து உறுப்பு உறுப்பாகக் கழுவி அடுக்கியிருக்கிறான். கிடைக்காத பாகங்களைக் கடைசல் பட்டறையில் தானே கடைந்து கொள்கிறான். அதில் அவன் கைத்திறன் முழுவதும் வெளிப்படுகிறது. முதலில் பிரேக்கைத்தான் சீர் செய்தான். வரும் ஐப்பசிக்குள் வண்டி கரிசலில் இறங்கும் என்கிறான். இறங்கட்டும்.